மடிப்பில் போன முகம்

அந்தப் போஸ்டரை அவர் இரண்டு பல்செட்டுக்கு வாங்கினார். ஒன்று இடிப்பு வேலை எடுத்திருந்த ஒப்பந்தக்காரனின் அம்மாவுக்கு. இன்னொன்று, அம்மாவின் வாயைப் பார்த்துவிட்டுத் தனக்கும் வேண்டுமென்று அடம்பிடித்த பெரியம்மாவுக்கு. இரண்டு கிழவிகளும் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வண்டியேறிப் போன பிறகு, ஒப்பந்தக்காரன் ஒரு சிமெண்ட் சாக்கைக் கொண்டுவந்து வாசலில் போட்டான். இடித்துக்கொண்டிருந்த பழைய சினிமாக் கொட்டகையில், டிக்கெட் ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் குளிர்காற்று வராமலிருக்க யாரோ மடித்துச் செருகி வைத்திருந்த காகிதம் அதற்குள் இருந்தது. எட்டாக மடித்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்திருக்கிறது.

தெருவில் அவரைப் பல்செட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு செதுக்கி, ஈறுக்கு ரோஜா நிறம் ஏற்றி, பல் பல்லாக அடுக்கிக் கொடுப்பார். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெள்ளையும் ரோஜாவும்தான். அந்தச் சலிப்போ என்னவோ, கல்யாணத்துக்கு முன்பிருந்தே யுத்தப் படப் போஸ்டர்கள் மேல் அவருக்குப் பித்து. சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக எரியும் ஊர்கள், கவிழ்ந்த விமானங்கள், வாயைப் பிளந்து ஓடிவரும் ஆட்கள். படம் வெளியான வாரத்தில் அச்சான அசல் தாள் மட்டும்தான் வாங்குவார். பின்னால் போட்ட மறுபதிப்பை வீட்டுக்குள் விடமாட்டார். அசலுக்கு மடிப்பு இருக்கும், ஏனென்றால் அந்தக் காலத்தில் கொட்டகைகளுக்கு மடித்துத்தான் தபாலில் அனுப்புவார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கல்லச்சு மை மணல் தூவினதுபோல் தெரியும். மறுபதிப்பில் வரிசையாகப் புள்ளி வைத்திருக்கும்.

அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஒரு நாளைக்கு நானூறு விரிப்புகள் மடிப்பவள். வீட்டிலும் எதைக் கண்டாலும் கை தானாக மடிக்கும். புருஷனின் பித்தைப் பற்றி யாராவது கேட்டால், குக்கர் விசில் அடித்தாலே திடுக்கிடுகிற மனுஷனுக்கு யுத்தம் கேட்கிறது என்று சிரிப்பாள். அதில் கசப்பு இல்லை. அவளுக்கு இருந்த ஒரே மனத்தாங்கல், வீட்டில் ஈரம் ஏறாத ஒரே அறை போஸ்டர்களுக்குப் போய்விட்டதுதான். அவளுடைய அப்பா படுத்திருந்தது கொல்லைப்பக்கத்து அறையில். மழைக்காலத்தில் அந்தச் சுவரில் கையை வைத்தால் கை நனையும்.

அப்பா பழைய சிப்பாய். தெருவே அவரைச் சிப்பாய் என்றுதான் கூப்பிட்டது. எழுபத்தெட்டு வயது, வலது காலை இழுத்து நடப்பார். நினைவுத்தூணுக்கு மாலை போடும் நாளில் முதல் வரிசையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போகும். யுத்தத்தைப் பற்றி அவர் வாயைத் திறந்ததில்லை. திறக்காததாலேயே மரியாதை கூடியிருந்தது. மகள் வீட்டுக்கு வந்து பதினோரு வருஷமாகியும் மருமகனின் போஸ்டர் அறைக்குள் ஒருமுறைகூட அவர் காலெடுத்து வைக்கவில்லை.

சாக்கிலிருந்து வந்த தாளை அந்த அறையில் விரிக்க இடம் போதவில்லை. நடுக்கூடத்தில் பலகைகளைச் சேர்த்துப் போட்டு, ஒரு மாதம் அதன்மேல் குனிந்து கிடந்தார் பல்செட்டுக்காரர். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தெளிப்பானால் தண்ணீர் தூவி, ஒரு மடிப்பு இளகுவதற்கு அரைநாள் காத்திருப்பார். பின்பக்கம் மெல்லிய துணி கொடுத்து மாவுப்பசையால் ஒட்டினார். ஈயை விரட்ட மேசை விசிறி ஓடியது. ஈரத்தை விரட்ட அடியில் கரி அடுப்பு. சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் மற்ற இருவரும் சாப்பிட்டார்கள்.

என்ன படம் என்று தெரிந்தபோது அவர் தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டார். அது மூன்றே நாள் ஓடிய படம். நிஜப் பட்டாளத்திலிருந்து ஒரு பிரிவையே இரவல் வாங்கி, நாற்பது சிப்பாய்களை நடிக்க வைத்து எடுத்தது. படம் முடிந்த கையோடு அந்த நாற்பது பேரையும் எல்லைக்கு அனுப்பினார்கள். படம் வெளியான வாரத்தில் அவர்கள் செத்த செய்தி வந்தது. அவர்கள் வீட்டுப் பெண்கள் கொட்டகைகளில் கல்லெறிந்தார்கள். போஸ்டர்களைக் கிழித்துத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அதில் ஒரு தாள் எங்காவது மிஞ்சியிருக்கும் என்று சேகரிப்பவர்கள் பேசிக்கொள்வார்களே தவிர, கண்ணால் பார்த்தவர் கிடையாது.

குன்றின்மேல் துப்பாக்கியோடு கத்துகிற ஒரு கதாநாயகன். அவனுக்குப் பின்னால் நிஜச் சிப்பாய்களின் முகங்கள், புகைப்படம் பார்த்து ஒவ்வொன்றாக வரைந்தவை. ஒன்பது முகம் இருந்திருக்கவேண்டும். எட்டுதான் இருந்தது. இடது ஓரத்தில் இரண்டு மடிப்புகள் சந்தித்த இடம் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. அங்கே ஒரு தொப்பியும் அரைக் காதும் மட்டும் மிச்சம். பல்செட்டுக்காரர் அந்த இடத்தில் புதுக் காகிதம் வைத்து, நீரில் கரையும் சாயத்தால் ஒரு முகத்தை எழுதி நிரப்பினார். பக்கத்து முகத்தின் மூக்கையும் வேறொரு போஸ்டரின் நெற்றியையும் எடுத்துக்கொண்டார். தூரத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. ஈறுக்கு நிறம் ஏற்றிய கை.

முடித்த மறுநாள் மத்தியானம், மனைவி வேலைக்குப் போயிருந்தபோது, மாமனார் கழிப்பறைக்குப் போகிற வழியில் கூடத்தில் நின்றுவிட்டார். முதல் தடவையாக நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்திருந்த தாளையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். தரையில் உட்கார்ந்தால் தானாக எழுந்திருக்க முடியாது என்பது அவருக்கே தெரியும்.

"குள்ளன்" என்றார் கையை நீட்டி. "இது வாத்தியார். இது பால்காரன். இவன் பேரு மறந்துபோச்சு, எப்பவும் வெங்காயம் திம்பான்."

பல்செட்டுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பது பேரும் செத்தார்கள் என்றுதானே கதை. "மாமா, நீங்க இவங்களோட இருந்தீங்களா?" என்று கேட்டார்.

கிழவர் இன்னும் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் தாளின் ஓரத்துக்குப் போய் நின்றது. "சீட்டி" என்றார். "இங்கதான் நிப்பான். சீட்டியடிச்சுக்கிட்டே இருப்பான், அதனால சீட்டி."

அது பல்செட்டுக்காரர் எழுதிய முகம். சொல்லியிருக்கலாம். கிழவருக்குக் கண்ணில் புரை, பாதி ஞாபகம்தான் பார்க்கிறது என்றும் தெரிந்தது. ஆனால் முகங்களுக்குப் பேர் கிடைக்க ஆரம்பித்த சந்தோஷத்தில், ஒன்பதாவதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. பென்சிலை எடுத்துச் சீட்டி என்று எழுதிக்கொண்டார்.

அதன்பின் தினமும் அதே வேலையாகிவிட்டது. காலையில் மனைவி கிளம்பியதும் பிளாஸ்டர் அச்சுகளை ஒதுக்கிவிட்டு, ரொட்டியைப் பாலில் ஊறவைத்து மாமனாருக்குக் கொடுப்பார். அவர் தின்னத் தின்ன இவர் கேட்பார். எந்தக் குன்று, எத்தனை நாள் எடுத்தார்கள், என்ன மாதம், எந்தக் காமிரா. கிழவர் சில நாள் சொல்வார். சில நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். தூக்கத்தில் பேர் பேராகக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். மனைவிக்கு விஷயம் தெரிந்தபோது சமையலறையில் வைத்துச் சொன்னாள்: "எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அப்பா அதப் பத்திப் பேசுனதில்ல. எங்கம்மாகிட்டகூடப் பேசல. ஏதோ ஒண்ண மூடி வச்சிருக்காருங்க. நீங்க பல்லு புடுங்குற மாதிரி புடுங்காதீங்க."

"நான் பல்லு கட்றவன். புடுங்குறவன் இல்ல" என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை.

அன்றைக்கு மழை அப்படிக் கொட்டியது. கூடத்தில் மூன்று இடத்தில் ஒழுகலுக்கு ஏனம் வைத்திருந்தது. கிழவர் தானாகவே ஆரம்பித்தார்.

"முப்பது நாள் எடுத்தாங்க மாப்ளே. தெனம் சாவோம். விழு, எழுந்திரு, மறுபடி விழு. நல்லா சாவுறவனுக்கு ரெண்டு முட்டை சேத்துக் குடுப்பாங்க. குள்ளன் பிரமாதமா சாவான். மூணாவது வாரம் ஆபீசு கிளார்க்கு என்கிட்ட மட்டும் சொன்னான், அடுத்த வாரம் எல்லைக்குப் போகணும்னு. அந்த எடத்துல இருந்து யாரும் திரும்பி வரல, அது எங்களுக்குத் தெரியும். மறுநாள் பாறையில இருந்து குதிக்கிற காட்சி. கீழ மணல் கொட்டி வச்சிருந்தாங்க. நான் மணல்ல குதிக்கல."

ஏனம் ஒன்று நிறைந்து வழிந்தது. பல்செட்டுக்காரர் அசையவில்லை.

"கணுக்கால் ரெண்டா போச்சு. என்னைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, ஆள் ஒண்ணு குறையுதுன்னு சீட்டியோட லீவ ரத்து பண்ணினாங்க. பொண்டாட்டிக்குப் பிரசவம்னு லீவு வாங்கி வச்சிருந்தான். ஊருக்குப் போக மூட்டைகூடக் கட்டிட்டான்."

"இந்தக் கால் யுத்தத்துல போனதுன்னு..."

"நான் சொல்லல மாப்ளே. கேட்டவங்களே சொல்லிக்கிட்டாங்க. நான் தலைய ஆட்டுனேன். அம்பத்தாறு வருஷமா ஆட்டிக்கிட்டிருக்கேன்." காலைத் தடவியபடி, "உன்னோட வச்சுக்க" என்றார்.

பல்செட்டுக்காரர் தலையசைத்தார். வைத்துக்கொள்ளத்தான் நினைத்தார் என்று அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு வாரம் வைத்துக்கொண்டார்.

பழைய போஸ்டர் சேகரிப்பவர்களுக்கென்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒரு பத்திரிகை உண்டு. அதில் எழுதுகிறவர்கள் பெரிய வீட்டுக்காரர்கள். ஒருமுறை அவர்கள் கூட்டத்துக்கு இவர் போயிருந்தபோது, அசலென்று நம்பி இவர் கொண்டுபோனதை ஒருவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, இதுவும் பல்செட் மாதிரிதானா என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. ஒன்பது வருஷமாகியும் அந்தச் சிரிப்பு அவர் காதை விட்டுப் போகவில்லை. இப்போது ஒருவருக்கும் கிடைக்காத தாள் அவரிடம் இருந்தது. ஒன்பது முகத்துக்கும் பேர் இருந்தது. உயிரோடு ஒரு சாட்சியும் இருந்தார். உட்கார்ந்து எழுதினார். மாமனார் என்று எழுதவில்லை. இந்த ஊரில் வசிக்கும், காலை இழுத்து நடக்கும் ஒரு முதியவர் என்றுதான் எழுதினார். மணலில் குதிக்காததையும் எழுதினார். அது இல்லாவிட்டால் அந்த மனிதர் எப்படிப் பிழைத்தார் என்று கேட்பார்களே!

பத்திரிகை வந்தது. அன்று கேலி செய்த கண்ணாடிக்காரர் வாழ்த்தித் தந்தியடித்ததுபோல் இரண்டு வரி எழுதியிருந்தார். பல்செட்டுக்காரருக்கு ஒரு வாரம் கால் தரையில் பாவவில்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு தினசரி அதை எடுத்துப் போட்டது. காலை இழுத்து நடக்கும் பழைய சிப்பாய் அந்த ஊரில் ஒருவர்தான்.

சலவைக்கூடத்தில் மனைவிக்கு யாரோ படித்துக் காட்டினார்கள். அவள் பாதி வேலையில் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னறை வாசலில் நின்றாள். "நீங்க எழுதுனதா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றார். பேர் போடவில்லையே என்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவரிடம் அவள் பேசியதெல்லாம் சோறு, தண்ணீர், மருந்து என்ற அளவில் நின்றது.

தெரு ஒன்றும் சொல்லவில்லை. கல்லெறிந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பால் போடுகிறவர் மட்டும், சிப்பாய் எப்படியிருக்கார் என்று கேட்பதை நிறுத்தினார். மாலை போடும் நாள் வந்தது. கூப்பிட ஆள் வரவில்லை. கிழவர் காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியதும் சட்டையைக் கழற்றி, மகள் மடிக்கிற மாதிரியே மடித்து வைத்தார். மறுநாள் காலையில் பல்செட்டுக்காரரின் மேசைமேல் ஒரு கைக்குட்டை முடிச்சு இருந்தது. பிரித்தால் மாமனாரின் பல்செட். ஏழு வருஷத்துக்கு முன் அவரே செய்து கொடுத்தது. கழுவித் துடைத்திருந்தது. எடுத்துக்கொண்டுபோய் மாமா என்று நின்றார். கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பியபடி, "வேணாம் மாப்ளே, இனி கஞ்சிதானே" என்றார். பல் இல்லாத வாயில் அந்தச் சொற்கள் குழைந்து வந்தன. அதட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு வியாழக்கிழமை ஒரு பெண் தேடி வந்தாள். ஐம்பத்தாறு வயது இருக்கும். ரயில்வே கேட்டில் வேலை, இரண்டு ரயில் மாறி வந்திருந்தாள். கையில் தினசரியிலிருந்து கத்தரித்த துண்டு. சீட்டியின் மகள். அப்பா செத்து இருபது நாள் கழித்துப் பிறந்தவள். வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூடக் கிடையாது. இருந்த ஒன்றை ஒரு வெள்ளம் கொண்டுபோய்விட்டது. முகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்றாள்.

மனைவி அவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். பிறகு உள்ளே போய் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். யாரும் சொல்லாமலே கிழவருக்குப் புரிந்தது.

"நீங்க கால ஒடைச்சுக்கிட்டதாலதான் எங்கப்பா போனாரா?" என்று கேட்டாள் வந்தவள். குரல் உயரவில்லை.

"ஆமாம்மா."

"போறப்ப உங்கள வந்து பாத்தாரா?"

"ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளிய லாரி போச்சு. ஆளப் பாக்கல. சீட்டிச் சத்தம் கேட்டுச்சு."

அவள் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "எங்கம்மா சாவுற வரைக்கும், தெருவுல எவன் சீட்டியடிச்சாலும் எழுந்துபோய்க் கதவத் தெறந்து பாப்பா. மாவு பெசைஞ்ச கையோட போவா. கதவெல்லாம் மாவு."

கிழவர் இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்தபடி தலையைக் குனிந்திருந்தார். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தார் போலிருக்கிறது, அவள் முந்திக்கொண்டாள்.

"மன்னிக்க நான் யாரு பெரியப்பா? எனக்கு அவரத் தெரியவே தெரியாது. எங்கம்மா இருந்திருந்தா உங்கள ஒரு அறை அறைஞ்சிருப்பா. அப்புறம் சோறு போட்டிருப்பா. எனக்கு ரெண்டும் வரல. எது எங்கப்பான்னு காட்டுங்க, போதும்."

கிழவர் விரலை நீட்டினார். அவள் தாளருகே போய், ஓரத்து முகத்துக்கு நேராக மண்டியிட்டாள். வெகுநேரம் பார்த்தாள். பல்செட்டுக்காரர் ஓரடி முன்னால் வந்தார். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அப்போது அவள் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எனக்கு இதே நெத்திதான்" என்றாள் மனைவியிடம். "பாருங்க தங்கச்சி."

மனைவி பார்த்துவிட்டு, ஆமாமக்கா என்றாள்.

போகும்போது ஒரு போட்டோ கிடைக்குமா என்று கேட்டாள். முகத்தை மட்டும் பெரிதாக எடுத்துத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார் பல்செட்டுக்காரர். சொன்னபடி அனுப்பவும் செய்தார்.

கிழவர் அதன்பின் ஐந்து வாரம் இருந்தார். கஞ்சியும் குறைந்து, ஸ்பூனால் விடுகிற தண்ணீரும் கன்னத்தில் வழிந்தது. டாக்டர் வந்து நுரையீரலில் நீர் கோத்திருப்பதாகச் சொன்னார். ஈரமான அறை ஆகாது என்றார். பல்செட்டுக்காரர் அன்றைக்கே போஸ்டர் பெட்டிகளையெல்லாம் கூடத்தில் தூக்கிப் போட்டுவிட்டு, கட்டிலைக் காய்ந்த அறைக்கு நகர்த்தினார். மனைவி ஒரு பக்கம் பிடித்தாள். பதினோரு வருஷம் கழித்துக் கிடைத்த அறையில் அவர் நான்கு நாள் படுத்திருந்தார். நான்காம் நாள் விடிகிற நேரத்தில், மகள் போர்வையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது.

சாவுக்குத் தெருவிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். வெளியூரிலிருந்து வந்தது ரயில்வே கேட்டுக்காரப் பெண் மட்டும். வந்தவள் அழவில்லை, சமையலறைக்குள் போய் வந்தவர்களுக்குத் தேநீர் போட்டாள். மனைவி அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

எல்லாம் முடிந்து, ரயிலுக்கு அவளைக் கொண்டுபோய் விடப் பல்செட்டுக்காரர் கூடப் போனார். பிளாட்பாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் பையிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்துக் காட்டினாள். சட்டம் போட்டிருந்தாள். கேட் அறையில் மாட்டுவதற்கு மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிவிட்டதாகவும், ரயில் போனபின் கேட்டைத் தூக்குகிறபோது ஒரு பார்வை பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். அவருக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அம்மா, ஒரு விஷயம். அந்த எடத்துல தாள் ஓட்டையா இருந்துச்சு. மடிப்புல தேஞ்சுபோச்சு. அந்த மொகம் நான் வரைஞ்சது."

அவளுக்கு முதலில் புரியவில்லை. திரும்பச் சொன்னார். நெற்றி எங்கிருந்து எடுத்தது, மூக்கு எங்கிருந்து எடுத்தது என்று எல்லாம் சொன்னார். தொப்பியும் அரைக் காதும் மட்டும் நிஜம் என்றார்.

அவள் போட்டோவைப் பார்த்தாள். கட்டைவிரலால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"அந்தப் பெரியவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அதுவரைக்கும் நல்லது" என்றாள். ரயில் வருகிற சத்தம் கேட்டது. "இத எதுக்குங்க இப்ப எங்கிட்ட சொன்னீங்க? உங்க பாரம் எறங்கணும்னா?"

அவர் அந்தப் போட்டோவைத் தன்னிடமே கொடுத்துவிடச் சொல்லிக் கையை நீட்டினார். அவள் அதைப் புடவைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"குடுக்க மாட்டேன். வேற எனக்கு என்ன இருக்கு?" என்றாள். ஏறி உட்கார்ந்தவள் ஜன்னல்பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி அப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை அவளிடம் சொன்னார். மறைக்கவில்லை. அவள் மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்பா சொன்னத வெளிய சொன்னீங்க. இத அந்தம்மாகிட்ட மொத நாளே சொல்லியிருக்கணும், சொல்லல. இன்னிக்குப் போயி சொல்லியிருக்கீங்க" என்றாள். திட்டுகிற குரல் இல்லை. மடித்த துணிகளைத் தூக்கிக்கொண்டு காய்ந்த அறைக்குப் போனவள், அன்றிலிருந்து அங்கேயே படுத்துக்கொண்டாள்.

அவர் கூடத்தில் தாளுக்கு முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடிக்காரர் அடுத்த மாதம் நேரில் வந்து பார்ப்பதாக எழுதியிருந்த கடிதம் மேசைமேல் கிடந்தது. கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துவந்து பஞ்சை நனைத்துப் பிழிந்தார். எழுத மூன்று நாள் ஆகியிருந்தது. அழிக்க ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. தொப்பிக்குக் கீழே அரைக் காதும், அதற்கு இந்தப்பக்கம் வெறும் காகிதமும் மிஞ்சின. பஞ்சில் கொஞ்சம் பழுப்பும் கொஞ்சம் ரோஜா நிறமும் ஒட்டியிருந்தன.